ஆளில்லாமல் வந்த வீடு: ஸ்கைலாப் விழுந்த வாரத்தில் தூத்துக்குடி

இத்தனை ஊர் சுற்றி எழுதுகிறீர்கள், தூத்துக்குடியை மட்டும் ஏன் தொடுவதே இல்லை என்று ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். குடும்பத்தோடு திருச்செந்தூர், மணப்பாடு எல்லாம் போகப் போகிறாராம். வழியில் ஒரு நாள் தூத்துக்குடியில் தங்கலாமா என்று யோசனையாம். தாராளமாகத் தங்கலாம். நானே பின்னால் நாலைந்து தடவை போய் வந்திருக்கிறேன். ஆனால் தூத்துக்குடி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது முதல் பயணம்தான். அந்த மூன்று நாளில் எனக்கு விழுந்த அதிர்ச்சிகள் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

1979 ஜூலை. அமெரிக்கர்கள் வானத்தில் ஒரு வீடு கட்டி விட்டிருந்தார்கள். ஸ்கைலாப் என்று பெயர். எழுபது டன்னுக்கு மேல் எடை. மனிதர்கள் மாதக்கணக்கில் தங்கி, சாப்பிட்டு, தூங்கி, வேலை பார்த்த வீடு. அது இப்போது கட்டுப்பாடு இழந்து கீழே வந்துகொண்டிருந்தது. எங்கே விழும் என்று கட்டியவர்களுக்கே தெரியவில்லை. பத்திரிகைகளுக்கு வேறு செய்தியே கிடையாது. நாட்டில் பாதிப் பேர் மாரடைப்பு வராத குறையாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டியூட்டர். விண்வெளி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. ஸ்கைலாபுக்குள் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படம் படமாகச் சேர்த்து, ஸ்லைடு போட்டு, கிடைத்த மேடையிலெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். நண்பன் ரூபன் தூத்துக்குடியில் கணக்கு வாத்தியார், சொந்த ஊர் நாசரேத். அவனிடமிருந்து அவசரமாக ஒரு தந்தி வந்தது. திரேஸ்புரத்தில் மீனவர்கள் கடலுக்குப் போகவே பயப்படுகிறார்கள், மாதா கோயில் பங்குச்சாமியார் உன்னைக் கூப்பிடுகிறார், வந்து நாலு வார்த்தை தைரியம் சொல்லு. தைரியம் சொல்ல என்னைவிட்டால் யார்? ஸ்லைடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூலை பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பஸ். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். அந்தக் காலத்து ரோட்டில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. எட்டயபுரத்தில் ஒரு பெரியவர் இரண்டு கோழிகளைத் தலைகீழாகப் பிடித்தபடி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்தைக்கா என்று கேட்டேன்.

"சந்தைக்கு என்னத்துக்குப் போறேன்? நாளைக்கு நாம இருக்கமோ இல்லியோ. மக வீட்டுல போயி அறுத்துத் தின்னுட்டுச் செத்தா மனசு ஆறும்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் தலையில் விழ வாய்ப்பே இல்லை என்று கணக்கெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, விழலன்னா கோழி தின்ன மாதிரி ஆச்சு" என்றார். அந்தக் கணக்கில் என்னால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊருக்குள் நுழைகையில் இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். ரூபன் பஸ் நிலையத்தில் காத்திருந்தான். அவன் தங்கியிருந்தது திரேஸ்புரத்தை ஒட்டி ஒரு அறை. மூன்று வேளைச் சாப்பாடு செசிலி என்ற அம்மாவின் வீட்டில். தனிக்கட்டை வாத்தியார்கள் நாலைந்து பேருக்கு அவர் சமைத்துப் போடுகிறார். போகும் வழியிலேயே ரூபன் குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொல்லி எச்சரித்தான்.

செசிலியின் கணவர் கஸ்பார் போன வருஷம் இதே காற்றுக் காலத்தில், சிங்கிறால் வலை பார்க்கச் சின்ன வள்ளத்தில் தனியாகத் தீவுப் பக்கம் போனவர். திரும்பவில்லை. வள்ளம் மட்டும் தெற்கே மிதந்துபோய், புன்னைக்காயல்காரர்கள் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை. செசிலி அவர் செத்துவிட்டதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு கப்பல் தூக்கிக்கொண்டு போயிருக்கும், எந்த ஊரிலாவது இருப்பார் என்பது அவர் நம்பிக்கை. கோயிலில் துக்க மணி அடிக்க விடவில்லை, பூசை வைக்க விடவில்லை. கஸ்பாரின் தம்பி லூயிஸ் ஒரு வருஷமாக மன்றாடி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருஷப் பூசைக்கு இப்போதுதான் அவர் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார். "அங்கன போயி கஸ்பார் பேச்ச எடுத்துராதல" என்றான் ரூபன். நான் ஏன் எடுக்கப்போகிறேன்?

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். ஆணும் பெண்ணுமாக நிரம்பி வழிந்தது. ஜன்னலை எல்லாம் சாக்குப் போட்டு மூடி, திரைக்கு ஒரு வேட்டி கட்டினோம். புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம்.

முதல் ஸ்லைடு, சாப்பாடு. அங்கே எடை கிடையாது, பொடி தூவினால் அந்தரத்தில் பறக்கும், அதனால் உப்பைத் தண்ணீரில் கரைத்துத்தான் வைத்திருந்தார்கள் என்றேன். மண்டபமே குலுங்கியது. "நாங்க தண்ணிய உப்பாக்க வருசம் பூரா வெயில்ல சாவுதோம், அவன் உப்பத் தண்ணி ஆக்குதானா?" என்று ஒரு குரல். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சுவரில் தொங்கும் பைக்குள் நின்றபடி தூங்குவதைக் காட்டினேன். ஒருவர் தலைமுடி வெட்ட, வெட்டிய முடி மூக்கில் ஏறாமல் இருக்க இன்னொருவர் குழாய் வைத்து உறிஞ்சும் படம். சுவரிலேயே பதித்த கக்கூஸ், அதில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும் என்றபோது பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. பங்குச்சாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவைதான் குளிப்பாங்க" என்றேன். நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். நெஞ்சுக்கூடு அகன்ற ஆள். "ஒரு வாரத்துக்கு ஒரு முங்குன்னா கட்டுபடியாகாதே சார். அதுல என்ன கிடைக்கும் அவங்களுக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுக்கு போகும் என்றேன். அவருக்கும் புரியவில்லை. ரூபன்தான் என் காதைக் கடித்தான். இங்கே குளிக்கிறது என்றால் சங்குக்கும் முத்துக்கும் கடலில் முங்குவது, அவர் குளியாள், வானத்தில் என்ன சங்கு கிடைக்கிறது என்று கேட்கிறார். சோப்புக் குளியல்தான், சுற்றித் திரை போட்டுக்கொண்டு, மிச்சத் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்று விளக்கினேன். அவர் விடவில்லை. வீட்டுக்கு வெளியே வந்து நின்று வேலை பார்ப்பார்களாமே, அப்போது கயிறு பிடிப்பது யார் என்றார். கயிறு வீட்டோடு கட்டியிருக்கும் என்றேன். "கட்டிப்போட்டா? பிடிக்க மச்சான் கிடையாதா?" இந்தக் கரையில் முங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, தூங்க மாட்டான். அமெரிக்காவில் அப்படி வழக்கம் இல்லை என்று சொன்னேன். கூட்டம் அமெரிக்காவைப் பற்றித் தாழ்வாக நினைத்தது நன்றாகத் தெரிந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது, இனி முடித்துவிடலாம் என்று கடைசி ஸ்லைடைப் போட்டேன். வானத்தில் தனியாக மிதக்கும் ஸ்கைலாப். "யாரும் பயப்பட வேண்டாம். இப்ப அதுல ஒருத்தருமே கிடையாது. ஆளில்லாமத்தான் வருது" என்றேன்.

சிரிப்பு நின்றது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு "சேசுவே!" என்றாள். ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். "எத்தன பேரு சார்?" என்று யாரோ கேட்டார்கள். கடைசியாக இருந்தது மூன்று பேர் என்றேன். கல்யாணம் ஆனவர்களா என்றார்கள். ஆமாம், பிள்ளைகுட்டி உண்டு என்றேன். அவ்வளவுதான். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அழுகை கிளம்பியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. நான் மைக்கைப் பிடித்தபடி பேயறைந்த மாதிரி நின்றேன். அடுத்த நிமிஷம் வெளியே கோயில் மணி, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு.

"துக்க மணி!" என்று கத்திக்கொண்டு பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்து வெளியே ஓடினார்.

விஷயம் எனக்குப் புரிய லூயிஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கஸ்பாரின் தம்பிதான். மேடையோரம் நின்று, முகம் வெளிறிப்போய்ச் சொன்னார்: "ஆளில்லாம வருதுன்னு இங்கன சும்மா சொல்லமாட்டோம் சார். ஆளில்லாம வள்ளம் வருதுன்னா, போனவன் செத்துட்டான்னு அர்த்தம்."

ஆறுதல் என்று நினைத்துச் சொன்ன ஒரே வாக்கியத்தில் மூன்று அமெரிக்கர்களைக் கொன்றிருக்கிறேன். மைக்கில் கத்தினேன். "அவங்க சாகலைங்க! அஞ்சு வருஷத்துக்கு முன்னாலேயே பத்திரமா இறங்கி வந்துட்டாங்க! வீட்ல பெண்டாட்டி பிள்ளைகளோட இருக்காங்க! வீடு மட்டும்தான் சும்மா சுத்துது!"

அழுகை பாதியில் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், சாக்குகள் ஆடின. மணி அடித்த கோயில்பிள்ளையைச் சாமியார் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர் என்னை முறைத்தார். "சாருதான ஆளில்லன்னாவ? அடிச்ச மணிய இனி எப்பிடித் திருப்பி எடுக்க?"

அந்தச் சிரிப்பில் சேராதவர் ஒருவர்தான். சுவரோரம் நின்ற செசிலி. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று ராத்திரி அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சோறும் சீலா மீன் குழம்பும் வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகக் கேட்டார். "சார், அப்போ ஆளு நல்லா இருக்கையிலயே வள்ளம் மட்டும் தனியாச் சுத்தும். அப்பிடியும் நடக்கும், இல்லியா?"

ரூபன் என் காலை மிதித்தான். அது வேறு, இது வேறு என்று ஏதோ முனகினேன்.

"வேற என்ன? அவங்களுக்கும்தான் இன்னிக்கு மணி அடிச்சாச்சு. உயிரோட இருக்கவங்களுக்கு." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள், பதினொன்றாம் தேதி, காலையில் கதவைத் தட்டியது லூயிஸ். உள்ளே வரக்கூட இல்லை. "செசிலி மைனி பூசை வேண்டாம்னுட்டாவ. மதுரை சாரே சொல்லிட்டாவளாம், ஆளில்லாத வள்ளம்னா செத்ததா அர்த்தம் இல்லன்னு. ஒரு வருசமா தெனமும் அண்ணனுக்கும் சேத்துச் சோறு வடிக்காவ, தெரியுமா உங்களுக்கு? கப்பல் சங்கு கேட்டா எழுந்து வாசலுக்கு ஓடுதாவ. இந்தப் பூசையோட அது நிக்கும்னு இருந்தோம். நீங்க வந்து ஒரு நிமிசத்துல கெடுத்துட்டீங்க. நீங்களே சரி பண்ணிட்டுப் போங்க."

நான் அன்று மத்தியானப் பஸ்ஸில் திரும்புவதாக இருந்தேன். போகவில்லை. ஒரு பெண்ணிடம் போய் உன் புருஷன் செத்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? அதுவும் எனக்கு என்ன தெரியும்? மூளைக்குள் ஈ புகுந்த மாதிரி அது குடைந்துகொண்டே இருக்க, ரூபனோடு ஊரைச் சுற்றினேன். பழைய துறைமுகத்தில் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கடைகள் பாதி மூடியிருந்தன. பனிமய மாதா கோயிலில் சாகுமுன் பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை தெருவுக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. திரேஸ்புரம் கரையில் ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை. என் பேச்சின் பலன் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை டீக்கடை ரேடியோவில் செய்தி. ராத்திரி ஸ்கைலாப் உடைந்து இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் ஆளில்லாப் பகுதியிலுமாக விழுந்துவிட்டது, யாருக்கும் காயமில்லை. டீக்கடையில் கைதட்டல். முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். ரூபனும் நானும் செசிலி வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போனோம். என்ன சொல்வது என்று ராத்திரி முழுக்க வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் இடியாப்பத்தைத் தட்டில் வைத்தார். ரேடியோச் செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. சாதாரணமாகத்தான் கேட்டார். "விழுந்துட்டாம்லா. அந்த மூணு பேரும் எப்பிடி சார் கரைக்கு வந்தாவ? அங்க இருந்து குதிக்க முடியாதுல்ல?"

எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. தெரிந்த கேள்வி வந்தால் நான் யோசிப்பதே இல்லை. "குதிக்க முடியாதுங்க. அவங்க போன சின்னக் கலம் ஒண்ணு அந்த வீட்டோடயே கட்டிக் கிடக்கும். திரும்பும்போது அதுல ஏறி வந்துட்டாங்க."

"அப்போ ரெண்டு வள்ளம்."

"ஆமா. இருந்தது ஒண்ணு, வந்தது ஒண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. செசிலி இடியாப்பப் பாத்திரத்தை மூடி வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எங்க வீட்டு அவியளுக்கு இருந்தது அந்த ஒரு வள்ளந்தான."

ரூபன் எழுந்துவிட்டான். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு லூயிஸுக்குக் குரல் கொடுத்தார். "கொழுந்தனாரே, ஞாயித்துக்கிழமைப் பூசைக்குச் சாமிட்ட சொல்லிருங்க." குரல் அதுவரைக்கும்தான் தாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து, அந்த ஒரு வருஷத்தையும் சேர்த்து அழ ஆரம்பித்தார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. லூயிஸ் ஓடி வந்தார். என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே போனார். சரி பண்ணினேனா, உடைத்தேனா என்று தெரியாமலே மத்தியானப் பஸ் ஏறினேன்.

இனி போகிறவர்களுக்கு. மதுரையிலிருந்து இப்போது நாலுவழிச் சாலை, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னையிலிருந்து இரவு ரயில் உண்டு. திரேஸ்புரம் கரைக்கு விடியற்காலையில் போங்கள், வள்ளங்கள் வந்து மீன் ஏலம் விடும் நேரம் அதுதான். படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று விலை விசாரித்தால் வசவு நிச்சயம். உப்பளத்துப் பக்கம் மத்தியானத்தில் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முந்திரி மக்ரூன் வாங்குவதானால் கிளம்பும் நாளில் வாங்குங்கள், கடல் காற்றில் நமுத்துப் போகும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வெவ்வேறு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு திசை. கடலுக்குப் போனவர்களைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் பேச்சுக்குக்கூட விசாரிக்காதீர்கள். வந்த பிறகு விசாரிக்கலாம்.

ஸ்கைலாபுக்குப் பிறகு மேலே எத்தனையோ வீடுகள் கட்டிவிட்டார்கள். இப்போது இருக்கிற வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆள் இல்லாத நாளே கிடையாது. அங்கே எப்படிச் சமைக்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று பேரப்பிள்ளைகள் படம் காட்டுகிறார்கள். எனக்கு அதிலெல்லாம் பழைய ஆர்வம் இல்லை. யார் மேலே போனாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது ஒன்றைத்தான்: திரும்பி வர இன்னொரு வள்ளம் கட்டிக் கிடக்கிறதா என்று.